ஸ்ட்ரோக்குக்குப் பிறகு தோள் நோவு: வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்ட்ரோக் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று கிழமையில் இந்தப் பேச்சு தொடங்கும்: "தோள் நோகுது, கையைத் தொடாதையுங்கோ." சிலருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வரும். இயக்கம் போன பக்கத்துத் தோளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்காவது இந்த நோவு வருகிறது. கை அறவே அசையாதவர்கள், உணர்ச்சி குறைந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு இன்னும் கூட.

நான் வைத்தியர் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் மாமியை வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் வீடுகளில் இதே நிலை வரும்போது கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்க்கிறேன். அநேகமாக எல்லா வீட்டிலும் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதல் நாளே எண்ணெய் போட்டு உருவுகிறார்கள், அடுத்து கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பயிற்சி, நோவு கூடினால் ஊசி. அந்தக் கையை எப்படிப் பிடிப்பது என்பதைக் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். இங்கே அதை மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன்: முதலில் பிடிக்கும் முறை, அடுத்து காரணம், பிறகு கிடத்தும் முறை, மருந்து, அதற்கும் பிறகே பயிற்சி.

தொடங்கும் முன் கைக்கெட்ட இருக்க வேண்டியவை

நான்கு தலையணைகள். இரண்டு பெரிய துவாய்கள். கதிரையில் உட்கார்ந்தால் முழங்கை உயரத்துக்கு வரும் ஒரு மேசை. இடுப்பில் கட்டக்கூடிய அகலமான துணிப் பட்டி ஒன்று. ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, இப்போது குடிக்கும் மருந்துகளின் பட்டியல். அப்புறம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். அது ஏன் என்று மூன்றாம் படியில் தெரியும்.

1. அவசரமா என்று முதலில் பாருங்கள்

எல்லாத் தோள் நோவும் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியதல்ல. கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் மற்றப் படிகளை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விழுந்த பிறகு வந்த கடும் நோவு, அல்லது தோளின் வடிவம் திடீரென்று மாறியிருப்பது: எலும்பு முறிவாகவோ மூட்டு கழன்றதாகவோ இருக்கலாம். தோள் சிவந்து சூடாகி, கூடவே காய்ச்சல்: மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம். கை முழுக்க திடீரென்று வீங்கிக் கனப்பது: இரத்தம் உறைந்து நாளத்தை அடைத்திருக்கலாம். தோள் நோவோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல்: இதயத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, இன்னொரு கையோ காலோ சோர்வது: இது அடுத்த ஸ்ட்ரோக். கடைசி இரண்டுக்கும் ஓட்டோ தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இவை ஒன்றும் இல்லையா? சரி, அடுத்த படிக்குப் போகலாம்.

2. கையைப் பிடித்து இழுப்பதை இன்றே நிறுத்துங்கள்

தோள் மூட்டு ஆழமில்லாத தட்டில் வைத்த பந்து மாதிரி. எலும்பு அதைப் பெரிதாகத் தாங்குவதில்லை. சுற்றியிருக்கும் தசைகள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. ஸ்ட்ரோக்கில் அந்தத் தசைகள் சோர்ந்து போகின்றன. ஒரு முழுக் கையின் பாரம் உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. அந்தப் பாரம் நாள் முழுக்கத் தொங்கினாலே மூட்டு கீழே இறங்கும். அதற்கு மேல் நாமும் இழுத்தால் மூட்டுறையும் தசைநாணும் கிழியும் வரைக்கும் போகலாம்.

இதை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள். பகலில் வந்து நிற்கும் உதவியாள், பின்னேரம் பார்க்க வரும் பெரியப்பா, பிளாட்டின் காவலாளி எல்லோரும் இதில் அடக்கம். பார்க்க வருகிறவர்கள்தான் பெரும்பாலும் தோளைக் கெடுக்கிறார்கள். அன்பில் செய்வதுதான், "எங்கே, கையைத் தூக்குங்கோ பார்ப்பம்" என்று மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கிவிடுவார்கள்.

எழுப்பும்போது கையையும் பிடிக்க வேண்டாம், அக்குளுக்குள் கை விட்டும் தூக்க வேண்டாம். அக்குளில் தூக்கினால் உடம்புப் பாரம் முழுவதும் சோர்ந்த தோள் வழியாகத்தான் போகிறது. முன்னால் நின்று, உங்கள் முழங்காலை மடித்து, அவருடைய இடுப்புப் பட்டியைப் பின்பக்கமாகப் பிடியுங்கள். அவரை முன்னுக்குச் சாயச் சொல்லி, பாரம் பாதத்துக்கு வந்ததும் எழுப்புங்கள். நலமான கையால் கதிரைப் பிடியை ஊன்றி அவரும் உதவலாம். சோர்ந்த கையை அந்த நேரத்தில் ஒருவர் முழங்கைக்குக் கீழே தாங்கினால் போதும்.

கட்டிலில் மேலே ஏற்றிக் கிடத்துவதும் இப்படித்தான். இரண்டு பேர் இரு பக்கமும் நின்று, அடியில் விரித்த துணியைப் பிடித்து நகர்த்துங்கள்.

ஓட்டோ ஏற்றும்போதுதான் கொழும்பில் நிறையத் தோள்கள் இழுபடுகின்றன. படி உயரம், உள்ளே இடம் ஒடுக்கம். டிரைவர் பாவம், இறங்கி ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே இழுப்பார். அதனால் வண்டி நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். முதுகு வண்டிப் பக்கம் இருக்கத் திருப்பி, முதலில் இருக்கையின் ஓரத்தில் இருத்தி, பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுங்கள். ஓட்டோவில் இது சரிவராத அளவுக்கு உடம்பு சோர்ந்திருந்தால் கார் பிடியுங்கள், கதவு அகலம்.

வாட்டில் இருக்கும்போதே கட்டிலின் தலைமாட்டில் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு தாள் ஒட்டலாம்: "இந்தக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்." பிரஷர் பார்ப்பது, இரத்தம் எடுப்பது, சேலைன் ஏற்றுவது எல்லாம் முடிந்தவரை மற்றக் கையில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் தாதிமார் மறுப்பதில்லை.

3. எந்த நோவு என்று பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் நேரம் எடுத்து வாசிக்க வேண்டிய இடம் இதுதான். தோள் நோவு என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே ஐந்தாறு வெவ்வேறு காரியங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றைக் கூட்டும். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து நான்கு நாளைக்கு மூன்று விடயம் மட்டும் எழுதுங்கள்: எந்த நேரம் நொந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், பத்துக்கு எவ்வளவு. பேச்சு இழந்தவரானால் ஆம், இல்லை என்று தலையாட்டக் கேளுங்கள். அல்லது சிரித்த முகத்திலிருந்து அழுத முகம் வரை ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்து தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால் உடுப்பு மாற்றும்போது நெற்றி சுருங்குகிறதா, கையைத் தட்டி விடுகிறாரா என்று கவனியுங்கள். "அவருக்கு ஒத்துழைக்க மனமில்லை" என்று நாம் நினைப்பதில் பாதி உண்மையில் நோவுதான்.

*மூட்டு இறக்கம்.* கை தளர்ந்து துணி மாதிரிக் கிடப்பவர்களுக்கு முதல் கிழமைகளில் வருவது. உட்கார வைத்து, கையைத் தொங்கவிட்டு, தோள் நுனி எலும்புக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். மற்றப் பக்கத்தில் இல்லாத ஒரு பள்ளம், ஒரு விரல் புகும் அளவுக்கு, தெரியும். உளைவு தொங்கும்போது கூடும், கையைத் தாங்கினால் குறையும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: பள்ளம் இருக்கும் எல்லோருக்கும் நோவதில்லை. ஆகவே பள்ளத்தைக் கண்டதும் காரணம் கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்தாதீர்கள்.

*தசை இறுக்கம்.* கிழமைகள் போகப் போகத் தளர்ந்த கை இறுகத் தொடங்கும். மேல்கை நெஞ்சோடு ஒட்டும், முழங்கை மடங்கும், விரல் பொத்தும். நெஞ்சுத் தசையும் தோள்பட்டை எலும்பின் உட்பக்கத் தசையும்தான் இதில் முக்கிய இழுவைக்காரர்கள். வேகமாக அசைத்தால் கூட இறுகும், மெதுவாக அசைத்தால் கொஞ்சம் விடும். அக்குள் கழுவும்போதுதான் பெரும்பாலும் நோகும்.

*மூட்டு உறைவு.* ஆங்கிலப் பெயரில் புரோசன் ஷோல்டர் என்பார்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்துவைத்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். நோவு தொடங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். நலமான பக்கத்தோடு ஒப்பிட்டால் பாதி தூரம்கூட வராது. மெதுவாகச் செய்தாலும் விடாது. தசை இறுக்கத்துக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். இரவில் அந்தப் பக்கம் புரண்டால் விழிப்பு வரும். நீரிழிவுக்காரருக்கு இது கூடுதல்.

*தசைநாண் நசிவு அல்லது கிழிவு.* கையைத் தூக்கும்போது நடுவில் ஒரு இடத்தில் மட்டும் "சுருக்" என்று குத்தும், அதைத் தாண்டினால் குறையும். வயதானவர்களுக்குத் தசைநாண் முன்பே தேய்ந்திருக்கும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு தவறான கோணத்தில் தூக்குவது அதை எலும்புக்கிடையில் நசிக்கிறது.

*தோளும் கையும் சேர்ந்த நோவு.* இதைத் தவறவிடக் கூடாது. தோள் நோகும், முழங்கை சும்மா இருக்கும், மணிக்கட்டும் விரல்களும் நோகும். புறங்கை வீங்கி, தோல் மினுங்கி, சூடாகி, நிறம் மாறும். விரல் மொழிகளை மெல்ல அமுக்கினாலே முகம் சுளிப்பார். சிலருக்கு மின்விசிறிக் காற்றுப் படுவதே தாங்காது. இரண்டு கைகளையும் ஒரே துவாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புறங்கை தெரிய, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் வீக்கம் குறைந்திருந்தாலும் டொக்டர் படத்தைப் பார்த்து விளங்கிக்கொள்வார். இதற்கு முதல் கிழமைகளில் தொடங்கும் மருத்துவம் மிகவும் பயன்படும். பிந்தினால் விரல்கள் அப்படியே விறைத்துப் போகும்.

*மூளையிலிருந்து வரும் நோவு.* தோளில் பிழையே இருக்காது. எரிவு, குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போன்ற குத்தல், மின்சாரம் அடித்த மாதிரி என்று சொல்வார்கள். கையோடு நிற்காமல் அதே பக்கத்து முகம், கால் என்றும் பரவியிருக்கலாம். அசைக்காமல் சும்மா கிடக்கும்போதும் நோகும். பஞ்சால் தடவினால்கூட எரியும். இவர்களுக்கு எண்ணெய் போட்டு உருவுவதில் பலனில்லை, பனடோலும் பெரிதாகக் கேட்காது.

இன்னொன்றும் உண்டு. அதைக் காரணம் என்பதைவிட நிலை என்று சொல்லலாம். இடப்பக்கம் சோர்ந்தவர்கள் சிலர் அந்தப் பக்கம் ஒன்று இருப்பதையே கவனிக்க மாட்டார்கள். மாமி அப்படித்தான். வீல்செயாரில் இருக்கும்போது இடது கை பிடியிலிருந்து வழுகிச் சில்லுப் பக்கம் தொங்கும். அவர் வலது பக்கம் திரும்பி டிவி பார்த்துக்கொண்டிருப்பார். தள்ளத் தொடங்கியபோது விரல் கம்பியில் தட்டியும் அவர் திரும்பவில்லை. இரவில்தான் "தோள் உளையுது" என்றார். இப்படிப்பட்டவர் நோகவில்லை என்று சொன்னாலும் கையைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

4. கிடத்துவதையும் இருத்துவதையும் சரிசெய்யுங்கள்

நாளில் இருபது மணித்தியாலத்துக்கு மேல் அந்தக் கை எங்கே கிடக்கிறதோ, அதுதான் தோளைத் தீர்மானிக்கிறது. அரை மணித்தியாலப் பயிற்சி அதை வெல்லாது. அதனால்தான் இந்தப் படியைப் பயிற்சிக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

மல்லாந்து படுக்கும்போது தோள்பட்டை எலும்புக்கு அடியிலிருந்து தொடங்கி முழங்கை, கை வரைக்கும் ஒரு தலையணை. தோள் பின்னுக்கு விழாமல் இருப்பதுதான் நோக்கம். கையை வயிற்றின் மேல் மடித்து வைக்காதீர்கள். பார்க்க அமைதியாகத் தெரியும், ஆனால் நெஞ்சுத் தசை குறுகுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

நலமான பக்கம் சாய்ந்தால், சோர்ந்த கை முன்னால் ஒரு பெரிய தலையணையின் மேல், தோள் உயரத்துக்கு, நீட்டியபடி. கை தலையணையிலிருந்து கீழே மடங்கித் தொங்கக் கூடாது.

சோர்ந்த பக்கம் சாய்ந்தும் படுக்கலாம். பலர் இதற்குப் பயப்படுகிறார்கள். தோளின் மேலேயே படுக்காமல், தோள்பட்டை எலும்பைப் பின்பக்கமிருந்து உங்கள் உள்ளங்கையால் மெல்ல முன்னுக்கு எடுத்து, உடம்புப் பாரம் அந்த எலும்பின் தட்டையான பகுதியில் இருக்கும்படி செய்தால் அநேகருக்கு நோகாது. நொந்தால் வேண்டாம், மற்ற இரண்டு நிலையும் மாறி மாறிப் போதும்.

கதிரையில் இருக்கும்போது முன்கை முழுவதும் மேசையிலோ மடியிலுள்ள தலையணையிலோ இருக்க வேண்டும். முழங்கை உடம்புக்குச் சற்று முன்னால். தோள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். தலையணை மெல்லியதென்றால் தோள் இறங்கும், தடிப்பென்றால் காதுப் பக்கம் ஏறும். வீங்கிய கையானால் விரல்கள் முழங்கையைவிடச் சற்று உயரத்தில்.

நாளுக்கு ஒரு முறை அரை மணித்தியாலம் இன்னொரு நிலையும் வேண்டும். மல்லாந்து கிடத்தி, மேல்கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, முழங்கையை மடித்து, முன்கை வெளிப்பக்கம் சாய்ந்தபடி தலையணைகளில் ஓய்வெடுக்கட்டும். நோகாத எல்லை வரைக்கும்தான். தோள் முதலில் இழப்பது இந்த வெளித்திருப்பலைத்தான். அதைக் காப்பாற்றினால் உடுப்புப் போடுவதும் அக்குள் கழுவுவதும் பிறகும் முடியும். பிற்பகலில் வானொலி கேட்கும் நேரம் இதற்கு வசதி.

5. உடுப்பும் குளிப்பும்

உடுக்கும்போது சோர்ந்த கை முதலில். கழற்றும்போது சோர்ந்த கை கடைசியில். மாறிச் செய்தால் சட்டைக்குள் பாதி சிக்கிய கையைப் பின்னுக்கு வளைக்க வேண்டி வரும். முன்னால் பொத்தான் உள்ள சட்டையோ நைட்டியோ எடுங்கள். தலைவழியாகப் போடும் இறுக்கமான பெனியனைச் சில மாதத்துக்கு அலுமாரியில் வையுங்கள்.

அக்குள் கழுவுவதற்குக் கையைத் தூக்க வேண்டாம். கதிரையில் இருத்தி, இரு கையையும் முன்னாலுள்ள ஸ்டூலில் வைத்து, உடம்பை முன்னுக்குச் சாய்த்தால் அக்குள் தானாகத் திறக்கும். அங்கே ஈரம் நிற்காமல் துடைத்துவிடுங்கள், கொழும்புப் புழுக்கத்தில் இரண்டு நாளில் தோல் அவிந்துவிடும்.

6. சிலிங் எப்போது, எப்போது வேண்டாம்

பாமசியில் விற்கும் முக்கோணச் சிலிங்கை, அதாவது கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் துணியை, வாங்கிக் காலை முதல் இரவு வரை மாட்டிவிடுவதை நிறைய வீடுகளில் காண்கிறேன். கை உள்ளுக்கு மடங்கி நெஞ்சோடு ஒட்டிக் கிடப்பது, இறுகும் தசைகளுக்கு நாமே உதவி செய்வது. தளர்ந்த கை உள்ளவர் நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் போடுங்கள். இருந்தால் கழற்றி மேசையில் கையை வையுங்கள். வெளியே போகும்போது அதற்கு இன்னொரு பயனும் உண்டு: சனம் அந்தக் கையைப் பிடிக்காது.

தோளைச் சுற்றி ஒட்டும் பட்டி பற்றி பிசியோவிடம் (பிசியோதெரபி செய்பவரிடம்) கேட்கலாம். சிலருக்கு நோவு குறைகிறது. தானாக ஒட்டிப் பார்க்க வேண்டாம்.

7. நோவைக் குறைக்கும் மருந்து

பயிற்சிக்கு முன்னால் மருந்து. நோவோடு அசைத்தால் தசை இன்னும் இறுகும், ஆளும் அடுத்த நாள் கையைக் காட்ட மாட்டார்.

முதலில் பனடோல் (பரசிற்றமோல்) தான். பெரியவர்களுக்கு 24 மணித்தியாலத்தில் 500 மி.கி. குளிசை எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் பிரச்சினை உள்ளவர், மெலிந்தவர், மதுப் பழக்கம் உள்ளவர் அதற்கும் குறைவாக, டொக்டர் சொல்லும் அளவில். இருமல், தடிமன் குளிசைகளிலும் அதே மருந்து இருக்கும், சேர்த்துக் கணக்கிடுங்கள். எப்போது குடிப்பது என்பதும் முக்கியம்: குளிப்புக்கும் பயிற்சிக்கும் முக்கால் மணித்தியாலம் முன்னால் கொடுத்தால் அந்த நேரத்துக்குக் கேட்கும்.

டைக்குளோபெனக், இபுபுரோபன் மாதிரியானவற்றைப் பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். ஸ்ட்ரோக் வந்தவர் அநேகமாக இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரினோ குளோபிடோகிரலோ வோபரினோ குடிப்பார். அதோடு இது சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். பிரஷர் ஏறலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம், இன்னொரு ஸ்ட்ரோக்குக்கான ஆபத்தும் கூடும். பக்கத்து வீட்டு மாமாவின் முழங்காலுக்குக் கேட்டது என்பது இங்கே காரணமில்லை.

சித்தாலேப மாதிரித் தைலம் பூசி மெல்லத் தடவுவதில் பெரிய கெடுதல் இல்லை, தோல் வெடிப்பு இல்லாத இடத்தில். அழுத்தி உருவுவதும் "நரம்பு எடுக்கிறேன்" என்று கையை முறுக்குவதும் வேறு கதை, அதற்கு இடம் கொடுக்காதீர்கள். சுடுதண்ணிப் பை வைத்தால் துவாயில் சுற்றி, உங்கள் தோலில் வைத்துப் பார்த்த பிறகு. உணர்ச்சி இல்லாத கை வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

எரிவும் மின்சாரக் குத்தலுமான நோவுக்கு அமிற்றிப்ரிலின், கபாபென்டின், பிரகபலின் போன்ற வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. இவை தூக்கமும் தலைச்சுற்றும் தரும், சிலருக்கு ஒத்துவராது. டொக்டர் எழுதித்தான் தொடங்க வேண்டும், குறைந்த அளவிலிருந்து. தசை இறுக்கத்துக்கு பக்லோபென், டிசனிடின் தருவார்கள். நிறுத்துவதானாலும் கேட்டு நிறுத்துங்கள். பக்லோபெனைத் திடீரென்று விட்டால் ஆபத்து.

8. பயிற்சி, இப்போதுதான்

இரவு நோவு குறைந்து, உடுப்பு மாற்றும்போது முகம் சுளிப்பது குறைந்த பிறகு தொடங்குங்கள். முதல் தடவை பிசியோ ஒருவர் செய்து காட்டட்டும். வீட்டுக்கு வருபவரானால் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் தோள்பட்டை எலும்பு. ஒரு கையால் அவருடைய கையைத் தாங்கி, மறு உள்ளங்கையை முதுகுப் பக்கம் அந்த எலும்பின் மேல் வைத்து, மேலும் முன்னுமாக மெல்ல நகர்த்துங்கள். கை உயரும்போது இந்த எலும்பும் கூடவே சுழல வேண்டும். அது சுழலாமல் கையை மட்டும் தூக்கினால் தசைநாண் நசியும். பலர் இந்தப் படியை விட்டுவிட்டு நேரே கைக்குப் போகிறார்கள்.

அடுத்தது தூக்கல். பெருவிரல் மேலே பார்க்க, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் கீழே தாங்கி, முன்பக்கமாக உயர்த்துங்கள். பெருவிரல் மேலே பார்த்தால் மேல்கை எலும்பின் மேட்டுப் பகுதி தோள் நுனிக்கு அடியில் முட்டாமல் விலகிப் போகும். தோள் உயரத்துக்கு மேலே பிசியோ சொல்லும் வரை போக வேண்டாம். ஐந்து தடவை, மெதுவாக, நோவு தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்தி. நாளுக்கு இரண்டு வேளை.

மூன்றாவது மேசைத் துடைப்பு. மேசையில் துவாயை மடித்துப் போட்டு, சோர்ந்த கையை அதன் மேல் வைத்து, நலமான கையை மேலே வைத்து, உடம்பை முன்னுக்குச் சாய்த்துத் துவாயைத் தள்ளச் சொல்லுங்கள். கையின் பாரத்தை மேசை சுமப்பதால் தோள் பயமில்லாமல் முன்னே போகும். அவர் தானாகச் செய்யக்கூடியது இது, அதனால் மனதுக்கும் நல்லது. மாமிக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

பிறகு முழங்கை, மணிக்கட்டு, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். விரலில் தொடங்காமல் மேலிருந்து கீழே வாருங்கள். மேல் தசை விட்டால் விரலும் இலகுவாக விடும்.

கப்பியில் கயிறு மாட்டி நலமான கையால் சோர்ந்த கையைத் தலைக்கு மேலே இழுக்கும் பயிற்சி வேண்டவே வேண்டாம். 1990இல் வெளியான ஒரு ஆய்வில், 28 பேரை மூன்று விதப் பயிற்சிக்குப் பிரித்தார்கள். கப்பி இழுத்தவர்களில் 62 சதவீதமானோருக்குத் தோள் நோவு வந்தது. பயிற்றுநர் கையால் அசைத்துவிட்டவர்களில் 8 சதவீதமானோருக்கு மட்டுமே. சின்ன ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் சின்னதல்ல. கையைக் கோத்துத் தலைக்கு மேல் வேகமாக ஆட்டுவதிலும் இதே சிக்கல்.

9. யாரைக் காட்டுவது, என்ன கேட்பது

இரண்டு மூன்று கிழமை இப்படிச் செய்தும் நோவு குறையவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். புறங்கை வீக்கம் இருந்தால் அந்த இரண்டு கிழமைகூட வேண்டாம்.

நம்மவர்கள் தோள் என்றதும் எலும்பு டொக்டரைச் சனல் பண்ணி (நேரம் பதிந்து) பார்க்கிறார்கள். இலங்கையில் இதைப் பார்க்கும் நிபுணர் வாதநோய், புனர்வாழ்வு மருத்துவர். இரண்டும் ஒரே துறை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் அந்தப் பிரிவு உண்டு, ராகமையில் இதற்கென்றே ஒரு வாதநோய், புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. நரம்பியல் கிளினிக்கில் ஏற்கெனவே பதிவிருந்தால் அங்கே கேட்டு ஒரு கடிதம் எடுங்கள். டயக்னோசிஸ் கார்ட், நோட்டுப் புத்தகம், கைப் படங்கள், மருந்துப் பட்டியல் நான்கும் பையில். கிளினிக்கில் கிடைப்பது சில நிமிடம்; "எப்போதும் நோகுது" என்பதைவிட "இரவு புரளும்போது எட்டு, மேசையில் கை இருந்தால் இரண்டு" என்பது அந்த நிமிடங்களில் அதிகம் சொல்லும்.

அங்கே பேசப்படக்கூடியவை இவை. மூட்டு இறக்கத்துக்கு முதல் மாதங்களில் தோள் தசைக்கு மின்தூண்டல். பள்ளம் குறையும், நோவு எல்லோருக்கும் குறையும் என்றில்லை. மூட்டு உறைவுக்கும் தசைநாண் நசிவுக்கும் ஸ்டெராய்ட் ஊசி. நீரிழிவு இருந்தால் ஊசிக்குப் பிறகு சில நாள் சீனி ஏறும், முன்கூட்டியே கேட்டு அடிக்கடி பாருங்கள். வோபரின் குடிப்பவரானால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தோளுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் உண்டு, காரணம் எதுவானாலும் பலருக்குச் சில மாதம் ஆறுதல் தருகிறது. தசை இறுக்கத்துக்கு பொட்டொக்ஸ், தசையைத் தளர்த்தும் ஊசி. சில நாளில் வேலை தொடங்கி, இரண்டு முதல் நான்கு கிழமையில் உச்சம், மூன்று மாதமளவில் குறையும். விலை கூடியது, ஆகவே அந்த மூன்று மாதமும் பயிற்சிக்கு ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் காசு வீண். தோளும் கையும் சேர்ந்த நோவுக்குக் குறுகிய காலத்துக்கு ஸ்டெராய்ட் குளிசை தருவதுண்டு. சீனியும் பிரஷரும் உள்ளவருக்கு அதை டொக்டர் யோசித்துத்தான் எழுதுவார்.

10. எவ்வளவு நாளில் என்ன எதிர்பார்க்கலாம்

பிடிப்பதையும் கிடத்துவதையும் மாற்றினால் முதலில் குறைவது இரவு நோவு, பெரும்பாலும் ஓரிரு கிழமையில். உடுப்பு மாற்றும் நோவு அதற்குப் பிறகு. உறைந்த மூட்டு மாதக் கணக்கு. கிழமைக்கு ஒரு முறை வெளித்திருப்பலை ஒப்பிட்டு எழுதி வையுங்கள், நாளாந்தம் பார்த்தால் மாற்றம் தெரியாது. பயிற்சி செய்த நோவு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள். முழுதாக விட வேண்டாம்.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று கூடினால், நோயைத் தேடும் முன் ஆளைத் தேடுங்கள்: புதிதாக யார் கிடத்தினார்கள், யார் குளிக்க வார்த்தார்கள்? உதவியாள் மாறிய கிழமையில்தான் இது அதிகம் நடக்கிறது. வாயால் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் தலையாட்டுவார்கள், செய்யும்போது மணிக்கட்டையே பிடிப்பார்கள். அதனால் கட்டிலில் நீங்கள் படுத்து, உங்கள் கையைத் தளரவிட்டு, அவரை உங்களைப் புரட்டி எழுப்பச் சொல்லுங்கள். எங்கே இழுக்கிறார் என்பது உங்கள் தோளுக்கே தெரியும். சரியாக வந்த பிறகு நோயாளியிடம் விடுங்கள்.